தையல் விட்ட இடம்

மெஷினை நிறுத்திய பிறகும்
ஓடிக்கொண்டிருந்தது ஏதோ ஒன்று
ரவிக்கைக்குள்.
இரவு பதினொன்றே கால். எம்.சி. ரோட்டில்
கடைசி ஷட்டரும் இறங்கியாயிற்று.
காலையில் சேட்டுக்கு ஆறு டஜன் உள்பாவாடை.
ஒன்றரை டஜனுக்கு இன்னும் நாடா கோர்க்கவில்லை.

லோ சுகர்தான் என்றாள் பிலோமினா.
பதினோரு வருஷப் பழக்கம் எனக்கு அதனுடன்.
வேர்க்கும், கை நடுங்கும்,
ஒரு வாய் சர்க்கரை போட்டால்
தவணை வாங்கிய கடன்காரன் மாதிரி
முணுமுணுத்துக்கொண்டே போய்விடும்.
போட்டேன்.
போகவில்லை.
இரண்டு துடிப்பு ஒட்டி விழுந்தது,
பிறகு ஒன்றுமே இல்லை,
பிறகு கொருக்குப்பேட்டை கேட் திறந்ததும்
லாரியும் மீன் ஆட்டோவும் ஒன்றாய் மூக்கை நுழைக்குமே,
அப்படி.

ஸ்டான்லியில் மார்பில் ஜெல் தடவினார்கள். குளிர்ந்தது.
பெட்டி கக்கிய கட்டம்போட்ட காகிதத்தை
நான்தான் முதலில் படித்தேன்:
தையல் சமமாய் இல்லை.
நெருக்கம், இழுப்பு, விட்டுப்போன இடம்.
இப்படி அடித்தால்
சேட்டு பீஸை முகத்தில் எறிவார்.

சின்ன டாக்டர். பெயர்ப் பட்டையில் மெஹருன்னிசா.
"சுகர் வந்தா நெஞ்சு ஏம்மா தடுமாறணும்?"
பதில் சொல்லாமல் என் காலைத் தூக்கிப் பார்த்தாள்.
குதிகாலில் ஒரு குண்டூசி.
எப்போது ஏறியதோ.
"இதே கதைதான் உள்ளேயும்.
நரம்பு மரத்துப்போகுது, சதை தழும்பாகுது,
துடின்னு சொல்ற சேதி
நேரா போய்ச் சேர மாட்டேங்குது."
ஊசியைப் பிடுங்கினாள். வலிக்கவில்லை.
அப்போதுதான் பயந்தேன்.

ரத்தம் கட்டி மூளைக்கு ஏறாமலிருக்க
தினம் ஒரு மாத்திரை.
"குத்து, வெட்டு படாம பாத்துக்கோங்க."
நானும் பிலோமினாவும்
மருந்து வரிசையில் நின்று சிரித்த சிரிப்பில்
முன்னால் நின்ற ஆள் இரண்டு முறை திரும்பினார்.

இப்போது காலையில் ஒரு குத்து, நானே,
சுகர் பார்க்க.
பகலில் ஒன்றோ இரண்டோ, தானாக.
முன்போல் சட்டென்று நிற்பதில்லை ரத்தம்.
வெள்ளைத் துணியெல்லாம்
கேட்காமலே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள் பிலோமினா.
எனக்கு மெரூன், கருநீலம்.

துணி என்றால் பிரித்துத் திரும்ப அடிக்கலாம்.

பாபினில் நூல் ஏறும் நேரம்
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுகிறேன்.
இன்றைக்கு இருபத்தாறு வரை
ஒழுங்காய் வந்தது.
அப்புறம் கரண்ட் போய்விட்டது.