ஒட்டுவாரொட்டி இல்லை

செல்லூரில் எனக்கு எண்பது வீடு.
காய்ச்சல் உண்டா, சளி உண்டா, வாசனை தெரிகிறதா,
நோட்டில் டிக் அடித்தால் நாள் கூலி.
நெற்றிக்கு நேரே கருவியைப் பிடிப்பேன்,
பிள்ளைகள் கையைத் தூக்கிச் சரணடைவார்கள்.

பத்து மணி வெயிலில் என் தோல் வேலையைத் தொடங்கும்.
முதலில் கழுத்து. பிறகு மாஸ்க்கின் நாடா
காதோரம் போட்ட கோடு வீங்கிக் கயிறாகும்.
கையுறை முடியும் இடத்தில்
கழற்ற முடியாத வளையல்.
காணாக்கடி என்பாள் அம்மா.
கடித்ததை ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன்.
கத்தரிக்காய், கருவாடு, தலைச்சாயம், மாமியார்
ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்தாயிற்று.
மாமியார் மட்டும் திரும்பி வந்துவிட்டார்.

பச்சைக் கதவுக்காரர் என் முழங்கையைப் பார்த்தார்.
"கொரோனாவுல இப்படியும் வருமாமே."
"இது ஒட்டுவாரொட்டி இல்லண்ணே."
"அதத்தான் எல்லாரும் சொல்றாங்க."
கதவு. தாழ்ப்பாள். பிறகு மேல்தாழ்ப்பாளும்.
மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு நானே எழுதினேன்:
தொண்ணூற்றி ஏழு புள்ளி ஆறு.
ஒரு மாதமாக அவருக்குக் காய்ச்சலே இல்லை.

மாத்திரை தீர்ந்தது.
"செட்ரிசின் எல்லாம் சளிக்காரங்க
அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா."
பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரும்
கவச உடைக்குள் எங்கோ இருந்தார்.
சிலிண்டர் உருளும் சத்தத்தில் வாசலோடு திரும்பினேன்.
மூச்சுக்கு அல்லாடுகிறவர்கள் நடுவே
அரிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?
பாதி மாத்திரையைக் காலாக்கி விழுங்கி
ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மொட்டைமாடியில் கிடந்தேன்.
அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை.
நகத்துக்கு மட்டும் திருவிழா.

தகரம் அடித்த சந்தில் கடைசி வீடு,
நோட்டில் பெயர் வேலுத்தாய்.
விரலில் கிளிப் மாட்ட, இடுக்கு வழியாகக் கையை நீட்டச் சொன்னேன்.
வந்தது என் கை.
அதே தடிப்பு, அதே தேங்காயெண்ணெய்ப் பளபளப்பு,
சீப்பால் சொறிந்த பல்வரிசை.
"எத்தன வருஷம்?"
"பதினாலு. ஒங்களுக்கு?"
ஆக்சிஜன் தொண்ணூற்றி எட்டு என்று எழுதினேன்.
எழுதி முடித்தும் நின்றேன்.

அவள் உள்ளே போய் வந்தாள்.
இடுக்கில் ஓர் அட்டை நீண்டது,
ஆறு மாத்திரை, நாலு குழி காலி.
"சானிடைசர் போட்டுத் தொடச்சிட்டேன்,
தைரியமா வாங்குங்க."

சானிடைசர் பட்டால் எனக்குத் தடிக்கும்.
கையுறையைக் கழற்றிவிட்டு
வாங்கிக்கொண்டேன்.