பாகம் எண் 112

வாக்காளர் பட்டியலில் முகம் தபால்தலை அளவு.
ஜெராக்ஸ் எடுத்தால் அதுவும் கரிக்கட்டை.
முகம் எனக்கு வேண்டியதில்லை. பெயர் போதும்.
அப்பன் பெயரோ புருஷன் பெயரோ சேர்ந்திருந்தால்
சந்தேகமே இல்லை.

காவேரிப்பட்டணம், ஆத்தோரத்து நாலு தெரு,
எண்ணூற்றுப் பதினொரு ஓட்டு.
கட்சி கொடுத்தது பட்டியல், பணக்கட்டு, ஒரு டப்பா கற்பூரம்.
பென்சில் மட்டும் என் வீட்டுது,
மகனுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்தேன்.

நஞ்சம்மாள், க/பெ திம்மராயன். டிக்.
பியாரிஜான், க/பெ அத்தாவுல்லா. பெருக்கல்.
போன ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில்
என் மொபெட்டைத் தள்ளிவந்து வீட்டில் விட்டவர் அத்தாவுல்லா.
அதை எழுதப் பட்டியலில் கட்டம் கிடையாது.
ஆரோக்கியமேரி. பெருக்கல்.
ராணி, க/பெ செல்வராஜ்.
இங்கே பென்சில் நின்றுவிட்டது.
எந்தப் பக்கத்து ராணி?
ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன்.
வீடு பூட்டியிருந்தது. சர்ச்சுக்குத்தான் என்று பெருக்கல் போட்டேன்.
பிறகு தெரிந்தது, மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன்,
ஞாயிறும் ஷிப்ட் உண்டு.
குறியை நான் அழிக்கவில்லை.
ரப்பர் எடுத்து வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முந்தின ராத்திரி டிக் வீடுகளுக்கு மட்டும் போனோம்.
தட்டில் கற்பூரம், தட்டுக்கடியில் கவர்.
மாரியம்மன் பேரைச் சொல்லி நெருப்பின்மேல் கை நீட்ட வேண்டும்.
நஞ்சம்மாள் கையை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
"பணம் உங்க கட்சிதுடா, சரி.
மாரியாத்தா எப்ப மெம்பர் ஆனா?"
எல்லோரும் சிரித்தோம்.
சத்தியத்தை வாங்காமல் விடவில்லை.

பியாரிஜான் வீட்டைத் தாண்டும்போது
யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தோம்.
உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது.

எண்ணும் மையத்தில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நான்.
என் கணக்கு நானூற்று எழுபத்தாறு.
மெஷின் சொன்னது நானூற்று எழுபத்தைந்து.
தலைவர் முதுகில் தட்டினார். வெளியே சரவெடி.
நான் அந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தேன்.

தேடாத வீடில்லை. கடைசியில்
வரிசை எண் 302, மாதம்மாள்,
கணவர் பெயர் இருக்கும் இடத்தில் நான்.
பட்டியலிலேயே முதல் டிக் அவளுக்குத்தான் போட்டேன்,
கேட்டுப் போட்டதில்லை.
மகனுக்கு வலிப்பு வந்த வருஷம்
வியாழன்தோறும் கிருஷ்ணகிரி மலையேறித்
தர்காவில் கயிறு கட்டிவந்தவள் அவள்.
மறுநாள் வெள்ளிக்கிழமை, மாரியம்மனுக்கு எலுமிச்சை விளக்கு.
மலைக்குத் துணை போனது பியாரிஜான்.
எந்த சாமி காப்பாற்றியது என்று
இருவரும் பேசி நான் கேட்டதில்லை.
மகன் பிழைத்தான். அவன் பென்சில்தான் என் சட்டைப் பையில்.

களி உருண்டையைத் தட்டில் வைக்கிறாள்.
விரலில் மை நகத்தோடு சேர்ந்து வளர்கிறது,
இன்னும் பத்து நாளில் வெட்டி எறிந்துவிடுவாள்.
வாய்வரை வந்த கேள்வியைக் களியோடு முழுங்கினேன்.

இப்போது வேறொன்று தூக்கத்தைக் கெடுக்கிறது.
ஒன்று குறைந்தது என்றால் ஒருவர்தான் மாறினார் என்று யார் சொன்னது?
டிக்கில் ஐம்பது பேர் அங்கே போய்,
பெருக்கலில் நாற்பத்தொன்பது பேர் இங்கே வந்திருந்தாலும்
மெஷினில் அதே எண்தான்.
நாலு தெருவும் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறியிருக்கலாம்,
நான் ஒருத்தன் மட்டும்
பழைய பட்டியலோடு நடந்துகொண்டிருக்கலாம்.

நேற்று பாலத்தருகே மொபெட் பஞ்சர்.
பத்தடியில் அத்தாவுல்லா கடை, திறந்திருந்தது.
எதிர்ப்பக்கம் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போனேன்.
ரிம் தரையில் கடகடவென்று ஊருக்கே சொன்னது.
"காத்தில்லாத வண்டியோட எங்கண்ணா போறே?"
பின்னாலிருந்து குரல்.

நின்றேன். திரும்ப வேண்டும்.