செருகுகோல்

வாரநாட்களில் பாலில் நுண்ணுயிர் எண்ணுகிறேன்,
டிமாருவில், ஒரு பால் ஆலையின் ஆய்வகத்தில்.
ஞாயிறன்று ஓட்டைகள்.
இரண்டுக்கும் ஒரே உருப்பெருக்கிதான்.
பதிவேட்டில் எழுதாமல் எடுத்துவருகிறேன்.

ஃபேர்லிக்கு மேற்கே
செம்மறிகள் சலித்து விட்டுப்போன மேட்டில்
பத்து கான்கிரீட் மேசைகள்.
ஐம்பது மீட்டர் தள்ளி
ஆளுக்கொரு தாள், தாளுக்கு இருபத்தைந்து வட்டம்.
நடுவே காற்றாடிகள், வாலில் கம்பளி நூல்.
வடமேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றை
வாடை என்று சொல்ல நா எழவில்லை.
சுடுகிறது.
மலைமேல் மேகத்தை வில்லாய் வளைத்து வைத்துவிட்டுப்
புல்லைச் சீவிக்கொண்டு இறங்குகிறது.

கெல்வின் டோரீன் நெருப்புக் கட்சி.
பித்தளைக் குப்பியின் விளிம்புக்குள் மருந்து;
ஊசி விளிம்பைக் கிள்ளினால் போதும்.
ஒரே தொகுதி எண் அச்சிட்ட பெட்டிகள் நாற்பதை
மனைவியின் தையலறையில் அடுக்கியிருக்கிறார்.
அந்த எண் தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்றால்
சாவு பற்றிக் கேட்டதுபோல்
மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

நைரி விட்கம் காற்றுக் கட்சி.
முக்குளிப்பவர்களின் உருளையிலிருந்து
துப்பாக்கிக்கு மூச்சு ஏற்றுவாள்.
அவள் குண்டு இடை சிறுத்த உடுக்கை.
ஒவ்வொன்றையும் நிறுத்து,
ஒரு கடுகு எடை கூடினாலும் ஒதுக்கிவிடுவாள்.
ஒதுக்கியவை நிரம்பிய டப்பா
கொட்டகைக் கதவுக்கு முட்டு.
அவள் சுட்டால், யாரோ
அகராதியை மூடிவைத்த சத்தம்.

காற்றைக் கொண்டு சுடுகிறவளைத்தான்
காற்று அதிகம் அலைக்கழிக்கிறது.
அவர் குண்டு ஒரு விரல் விலகும் இடத்தில்
அவளுடையது மூன்று விரல்.
அதனால் காத்திருப்பாள்.
இருபது நிமிடம் கெடு.
பதினோராவது நிமிடத்தில் கெல்வின் எழுந்து
தேநீர் ஊற்றிக்கொண்டார்.
நைரி பதினேழாவது வட்டத்தில்,
கன்னத்தை மரத்தில் வைத்தபடி,
நூல் தொங்கட்டும் என்று
நான்கு நிமிடம்.
ஈ ஒன்று அவள் காதோரம் நடந்து
திரும்பி வந்து
மறுபடி நடந்தது.

பிறகு தாள்கள் என் மேசைக்கு.
கெல்வினுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு.
நைரிக்கு நாற்பத்தேழும் ஒரு சந்தேகமும்.
அதே பதினேழு.
வெறுங்கண்ணுக்கு ஓட்டை கோட்டைத் தொட்டிருந்தது.
கண்ணாடிக்குக் கீழே
வெள்ளையாய் ஒரு மயிரிழை.

கழக விதி: எந்த ஓட்டைக்கும் ஒரே செருகுகோல்,
ஐந்து புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
கெல்வின் குண்டுக்கு அது அளவெடுத்த சட்டை,
நைரியின் நாலரைக்கு
அண்ணன் போட்டுக் கழித்த சட்டை.

"அவள் சுடாத அரை மில்லிமீட்டரை
நீ கொடுக்கப்போகிறாய்" என்றார் கெல்வின்.
"பருத்த குண்டுக்கு எல்லா ஞாயிறும் கிடைப்பதுதானே"
என்றாள் நைரி, என்னைப் பார்க்காமல்.

நாங்கள் ஒரே காரில் வருகிறவர்கள்.
எல்லோருக்கும் தெரியும்.

செருகினேன். தாள் முனகியது.
கோட்டைத் தொட்டது. பத்து.
இருவரும் சமம்;
நடுப்புள்ளி எண்ணினால் அவருக்குப் பதினான்கு,
அவளுக்குப் பதினைந்து.

ஒருமுறைதான் செருகலாம் என்கிறது விதி.
இரண்டாம் முறைக்கு அங்கே எதுவும் இல்லை.
உருவியெடுத்த பின் அது அவள் ஓட்டை அல்ல,
கோலின் ஓட்டை,
என் கட்டைவிரலின் ஓட்டை.
நேராகத்தான் பிடித்தேன்.
நேராகத்தான் பிடித்தேன் என்று
எத்தனை பேரிடம் சொன்னேன் அன்று?

கெல்வின் கை கொடுத்தார்.
கார்க் கதவைத் திறந்தபடி கேட்டார்:
"அந்த உருளையை நிரப்ப என்ன வாங்குகிறார்கள்?"

திரும்பும் வழியில்
நைரி ஜன்னலை இறக்கினாள்,
ஏற்றினாள், இறக்கினாள்.

திங்கள் காலை, வட்டுத் தட்டில்
இரண்டு வெண்புள்ளிகள் ஒட்டினாற்போல் நின்றன.
ஒன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.