பதினோரு நாள்

யாக்கிமா பள்ளத்தாக்கு. சனிக்கிழமை.
தேவாலயத்தின் நிலவறையில் மடக்கு மேசை போட்டுப்
படிவம் நிரப்புகிறேன்.
முப்பது வருஷம் தபால் பிரித்த கை;
கட்டத்துக்கு ஒன்றாய் எழுத்தை உட்காரவைக்கத் தெரியும்.
யாருக்குத் தகுதி என்பது என் வேலையில்லை.
அதை மசோதா சொல்லும்:
ஏப்ரல் மூன்றாம் தேதிக்குள் வந்தவர்,
வந்ததிலிருந்து இங்கேயே இருந்தவர்,
இருந்ததைக் காட்டக்கூடியவர்.

நொயெமி ஒரு காலணிப் பெட்டியைக் கவிழ்க்கிறாள்.
கொட்டியது கொஞ்சம்தான்.
வாடகை அத்தை பெயரில்,
கைபேசி தம்பி பெயரில்,
கூலி ரொக்கமாய், உறைமேல் பென்சிலில் ஓர் எண்.
ஒன்பது வருஷமாய்
இருப்பது தெரியாமல் இருப்பதையே
ஒரு வேலையாய்ச் செய்தவள்.
"சுவரோரமாவே நடந்தேன்" என்கிறாள்.
சரி, இப்போது அந்தச் சுவரைத்தான்
சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

கடைசியில் அகப்பட்டது ஒரு நூலகக் கடிதம்.
ஆங்கிலம் படிக்கவென்று எடுத்த
நீர்நாய் படம் போட்ட குழந்தைப் புத்தகம்,
திருப்பித் தரவில்லை, அபராதம் நாலு டாலர்.
முதல் வருஷம், மார்ச் கடைசி, அவள் முழுப் பெயர்.
"கட்டிட்டேன்" என்று பதறுகிறாள். "அப்பவே கட்டிட்டேன்."
கட்டாமலே இருந்திருக்கலாம், அம்மா.
இன்னும் இரண்டு கடிதம் வந்திருக்கும்.

பக்கத்து மேசையில் ஃபிதென்சியோவுக்கு ஒரே சிரிப்பு.
பின்விளக்கு எரியாமல் வண்டி ஓட்டி
மூன்று தரம் போலீசில் மாட்டியவன்.
மூன்று ரசீதிலும் தேதி, நேரம், சாலை, கையொப்பம்.
அரசாங்கமே எழுதிக்கொடுத்த நாட்குறிப்பு.

அவுரேலியோ அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான்.
அந்தக் குளிர்காலத்தில் வேனில் இருந்தது ஒரே இடம்.
"நீ ஏறு" என்றான். ஏறினாள்.
அடுத்த இடத்துக்குக் காசு சேர்ந்து
அவன் வந்து இறங்கியது ஏப்ரல் பதினான்கு.
ஏப்ரலை மார்ச்சாக்க எத்தனை நொடி ஆகும்?
என் பேனாவைப் பார்த்தே சொல்கிறான்:
"உள்ளதையே போடுங்க.
நல்ல நடத்தைக்கு வேற ஒரு பக்கம் இருக்கில்ல?"
இருக்கிறது. அதை அவன்
மிக நன்றாக நிரப்புவான்.

காப்பி ஊற்றுகிற என் தம்பி ஹார்லன்
இதற்கெல்லாம் எதிரி.
என்னை வண்டியில் கொண்டுவந்து விடுவான்,
நகல் எந்திரம் மக்கர் செய்தால் திறந்து பார்ப்பான்,
ஆனால் எதிரி.
"எங்கயாவது கோடு போட்டுத்தானே ஆகணும், மேவிஸ்?"
அவன் மனைவி லிகாயாவின் அக்கா
செபு நகரத்தில் இருபத்தோரு வருஷமாய்
வரிசையில் நிற்கிறாள்,
ஒரு வேலியையும் தாண்டாமல்.
முழங்கால் தேய்ந்துவிட்டது. வரிசை நகரவில்லை.
அவளுக்கு என்ன பதில் என்று கேட்பான்.
எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியாது.

அவுரேலியோ சட்டைப்பையிலிருந்து
ஓர் அலுமினியத் தகட்டை எடுத்து வைக்கிறான்.
வந்த மறுநாளே அவன் நட்ட
ஆப்பிள் கன்றில் கட்டியிருந்தது.
ரகத்தின் பெயர். காப்புரிமை எண்.
அனுமதியின்றிப் பெருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை.
நட்ட தேதி: ஏப்ரல் பதினைந்து.
இங்கே இருந்ததற்கு இதைவிட உறுதியான அத்தாட்சி
இந்த மேசைக்கு வந்ததில்லை.
அது அவனுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

ஹார்லன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிக்கிறான்.
"எந்த வரிசை?"
"கால்வாயை ஒட்டி. ஆறாவது."
"அது நல்லாக் காய்க்குதே" என்கிறான்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
தகட்டை எந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிறான்.
மூடி சரியாக மூடவில்லை;
விளிம்பு வழியே பச்சை வெளிச்சம்
நிலவறைச் சுவர்வரை போய்த் திரும்புகிறது.
தாள் சூடாக வெளியே வருகிறது,
முழுக்கக் கறுப்பாய்,
நடுவில் மரத்தின் எண் மட்டும்
படிக்கிற மாதிரி.