வியாழன், கடைசி பீரியட்

உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறையைத்
தலைமையாசிரியர் தந்தார்.
சாவி இல்லை. பூட்டே இல்லாததால்
அது ஒரு குறையாகவும் இல்லை.

பெயர் வைக்கவே இரண்டு வாரம்.
'மனநல மன்றம்'னு போட்டா
பைத்தியம்னுவாங்க என்றான் மாதேஷ்.
கடைசியில் கதவில்
'வியாழன்' என்று மட்டும் சாக்பீஸில் எழுதினோம்.

முதல் நாள் ஐந்து பேர்.
நான் எழுதிவந்த கேள்விகள்
மடியிலேயே கிடந்தன.
வெளியே, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் திரும்பும்
தக்காளி வண்டிகளின் ஹாரன்.

பிறகு சௌடேஸ்வரி பேசினாள்:
அம்மாவும் அப்பாவும் பெங்களூரில், கட்டட வேலை.
தம்பி தூங்கியதும்
தாழ்ப்பாளை ஒன்பது முறை தொட்டுப் பார்க்கிறேன்.
ஒன்பதுக்குக் குறைந்தால் தூக்கமில்லை.

ஆறுதல் சொல்ல
எங்கள் யாருக்கும் தெரியவில்லை.
மாதேஷ்தான்,
"பத்தாவதுக்கு எனக்கு மிஸ்டு கால் குடு.
நானும் முழிச்சுத்தான் கெடப்பேன்."

சிரித்துவிட்டாள்.
எங்கள் ஊர்த் தண்ணீர் கறையேற்றிய பற்களை
எப்போதும் மூடிக்கொள்ளும் கை
அன்று மடியைவிட்டு எழவில்லை.

அடுத்த வியாழன் மழை. மூன்றே பேர்.
கதவில் கரைந்துபோன எழுத்தின் மேல்
யாரோ மறுபடி எழுதியிருந்தார்கள்,
'ழ'வுக்குப் பதில் 'ள' போட்டு.
எங்கள் ஐவரில்
யார் கையெழுத்தும் அல்ல அது.