மூன்று நள்ளிரவுகள்

மருதானையில், நாலாம் மாடியில்,
மின்தூக்கிக் கதவில் ஒரு தாள்: "பராமரிப்பில்."
அதே சொல்லைத்தான் அன்றைக்கு முழுக்க
மனிதருக்காக எழுதிக்கொண்டிருந்தேன்.

சுற்றறிக்கை பதினேழு பக்கம்.
கிராமத்துச் சிற்றாஸ்பத்திரி ஒன்றில்
கட்டில்கள் இருபத்தைந்துக்கு மேற்படாது இருக்குமிடத்து
(இருக்குமிடத்து என்றுதான் எழுதுவேன், சம்பளம் அதற்கு)
வைத்தியம் முடிந்தும் வீடு போக இயலாதவரை
அங்கேயே வைத்துத் தாதியர் பார்க்கலாம்,
செலவை அரச காப்புறுதி ஏற்கும்.

விதி எனக்குப் பிடித்திருந்தது.
கட்டில் நகராது. ஆளும் நகராது.
காலையில் துண்டு வெட்டுவார்கள்,
பத்து மணிக்குப் புதுத் துண்டு எழுதுவார்கள்.
இடைப்பட்ட நேரத்தில் அவர் யார் என்று கேட்டால்
வாட்டில் எவரிடமும் பதில் இராது.
முன்பு நோயாளி,
பின்பு வதிவாளர்.
வதிவாளருக்கு உரிமைகள் உண்டு:
தன் கடிதத்தைத் தானே பிரிக்க,
சொந்த உடுப்பை உடுக்க,
பிடிக்காதவர் பார்க்க வந்தால்
இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல.
ஒன்பதாம் பக்கத்தில் இதைத் தட்டும்போது
எனக்கே கொஞ்சம் பொறாமை.

வதிவாளர் என்ற சொல்லில் ஆள் தெரியவில்லை.
"இருப்பவர்" என்று போட்டுப் பார்த்தேன்.
சரிபார்க்கும் யோகலிங்கம் சிவப்பால் வெட்டினார்.
"இருப்பவர் எண்டா எல்லாரும்தானே, பிள்ளை?"
அதுதானே ஐயா, என்றேன்.
வெட்டு வெட்டுத்தான்.

மூன்று கிழமை கழித்து, வியாழன் காலை,
கீழே ஸ்டேஷனில் மும்மொழியிலும் ரயில் பிந்திக்கொண்டிருக்க,
தொலைபேசி.
மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எழுதுவினைஞர் றிஸ்மியா.
"மிஸ், சுற்றறிக்கையில இந்த நம்பர்தான் கிடக்கு."
சலேத்மேரி, வயது ஐம்பத்தாறு,
கருவாட்டு வாடியில் வேலை, பாரிசவாதம்,
திங்கள் இரவு பதினொன்று ஐம்பதுக்கு அனுமதி.
மருந்து வேலை முடிந்துவிட்டதாம்.
எழுப்பி இருத்த ஆள் வேண்டுமாம்.
"மூன்று நாட்கள் தங்கியிருத்தல் வேண்டும் எண்டு போட்டிருக்கு.
கணக்குப் பாக்கிறவர் முழு நாள் எண்டுறார்.
அது இண்டைக்கு ராத்திரிதானே முடியும்?
டொக்டர் இப்ப துண்டு வெட்டப் போறார்.
மகன் ஓட்டோவோட வாசல்ல நிக்கிறான்,
கொண்டுபோய் எங்க கிடத்துறதெண்டு தெரியாம."

நான் மொழிபெயர்ப்பு மட்டும்தான் தங்கச்சி,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கை அதற்குள் சிங்களப் பிரதியைத் திறந்துவிட்டது.
மத்யம ராத்ரி துனக்.
மூன்று நள்ளிரவுகள்.

நானா நாளென்று எழுதினேன்?
அன்றைக்கு நாலே முக்கால், மழை,
கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு மனம் ஏற்கெனவே போயிருந்தது.
நள்ளிரவு என்பது கவிதைச் சொல்லாகப் பட்டிருக்கும்,
சுற்றறிக்கைக்கு ஆகாதென்று நாளாக்கியிருப்பேன்.

இருவருமாக எண்ணினோம்.
திங்கள் ஒன்று.
"பத்து நிமிசம்தானே மிஸ்?"
பத்து நிமிஷமானாலும் பன்னிரண்டு அடித்தபோது கட்டிலில் கிடந்தாவே.
செவ்வாய். புதன். மூன்று.

"ஆனா தமிழ்ல நாள் எண்டெல்லோ கிடக்கு?"
கடைசிப் பக்கம், கடைசி வரி, வாசியும் என்றேன்.
முரண்பாடு ஏதும் தோன்றின்
சிங்கள வாசகமே மேலோங்கும்.

பத்தொன்பது வருஷம்
ஒவ்வொரு சுற்றறிக்கையின் அடியிலும்
பல்லைக் கடித்துக்கொண்டு நான் தட்டுகிற வரி.
ஒரு தடவை வேண்டுமென்றே விட்டும் பார்த்தேன்,
யோகலிங்கம் பென்சிலால் சேர்த்தார்.
அந்த வரியை இப்போது றிஸ்மியா
யாருக்கோ உரத்து வாசிப்பது கேட்கிறது,
வாளி ஒன்று இழுபடுகிறது,
ஆண் குரல் ஏதோ முணுமுணுக்கிறது.
"ஓமாம் மிஸ். பத்து மணிக்குப் புதுத் துண்டு."

வைக்கப் போனவளை மறித்து,
அவவுக்குக் கடிதம் போட ஆராவது இருக்கினமோ, என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ.
"விசாரிச்சுச் சொல்றன்," என்றாள், சிரிக்காமல்.

பிறகு திருத்தப் படிவம், மூன்று பிரதி.
நாட்கள் என்பதற்குப் பதிலாக நள்ளிரவுகள் என்று வாசிக்குக.
பிழைக்கான காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதி,
அழித்து,
கவனக்குறைவு என்று எழுதினேன்.