பதினேழு ரூபாய் எழுபது காசு

இருபத்தெட்டு நாள் அந்தப் பணம்
என் பெயரில் அசையாமல் கிடக்க வேண்டுமாம்.
உன் விசாவை நீட்ட அதுதான் சட்டம் என்றாய்.

மண்டி தீர்த்தகிரியிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கி
பாலக்கோட்டு பேங்கில் போட்டேன்.
எட்டாம் நாள் போர் மோட்டார் எரிந்துபோனது.
காயில் சுற்ற நாலாயிரம் கேட்டான்.
பதினோரு லட்சத்துக்காரி
பக்கத்துக் கொல்லைக்குப் போய்
தக்காளிக்கு ரெண்டு தண்ணி கடன் கேட்டேன்.
மாதம்மா, உன் மகள்தான் வெளிநாட்டில் இருக்கிறாளே
என்று சிரித்துக்கொண்டே மடை திருப்பினார்கள்.

பாஸ்புக்கைத் திறக்கவே இல்லை,
பார்த்தால் குறைந்துவிடுமோ என்று.

இருபத்தாறாம் நாள்
குறுஞ்செய்தி அனுப்பிய கூலி என்று
பதினேழு ரூபாய் எழுபது காசை
பேங்கே எடுத்துக்கொண்டது.
எடுத்ததையும்
ஒரு குறுஞ்செய்தியில் சொன்னது.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணம்மா என்கிறாய்.
விசா முடிய
இன்னும் முப்பத்தொரு நாள்தான் என்கிறாய்.
எண்ணுகிறேன்.
வட்டிக்கு மட்டும் அந்த விதி இல்லை,
அது இருபத்தேழு என்று மேலே போகிறது.

இன்று
நாலு பெட்டி தக்காளி விற்ற ஐநூறையும்
அதோடு சேர்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.
பேங்குக்குப் பசித்தால்
அதைத் தின்னட்டும்.